சட்டாம்பிள்ளையின் பாடமும் பிரம்பும்

(அலிப்பூரில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிப் பேசுவதற்குக் கல்கத்தா நகரத்தில் எத்தனையோ இடங்கள் உண்டு என்றாலும், இந்த அலிப்பூருக்கு அதில் ஒரு தனி உரிமை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர்கள் குடியிருந்த பெல்வெடேர் மாளிகையில், 1953 பிப்ரவரி 1ஆம் நாள் மௌலானா ஆஸாத் அவர்கள் பொதுமக்களுக்குத் திறந்துவைத்த தேசிய நூலகம் இங்கே இருக்கிறது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய வையாபுரிப் பிள்ளையவர்கள் தம் ஆயுள் முழுவதும் தேடிச் சேர்த்த நூற்செல்வம் அந்த நூலகத்தில்தான் அடைக்கலம் பெற்றிருக்கிறது. வாரன் ஹேஸ்டிங்ஸ் வாழ்ந்த ஹேஸ்டிங்ஸ் ஹவுஸில் இன்று பெண்கள் ஆசிரியப் பயிற்சி பெறுகிறார்கள். பரோடாவில் பேராசிரியராகவும், இந்நகரத்து வங்காள தேசியக் கல்லூரியில் முதல் தலைவராகவும் இருந்த அரவிந்தர், 1908 மே மாதம் முதல் ஓராண்டு விசாரணைக் கைதியாக அடைபட்டிருந்ததும் இந்த அலிப்பூர்ச் சிறையில்தான். விடுதலை பெற்று வந்த அவர், 1910இல் புதுச்சேரிக்குப் புறப்படுவதற்குச் சற்று முன்பாகத் தமது ‘கர்மயோகின்’ பத்திரிகையில் தேசியக் கல்வியைப் பற்றிச் சில கட்டுரைகள் எழுதினார். எதையும் ஒருவர் மற்றொருவருக்குப் புகட்டிவிட இயலாது, கற்பவனுடைய மனத்தைக் கேட்டே அதன் வளர்ச்சி அமைய வேண்டும், ஆசிரியர் துணையாகவும் வழிகாட்டியாகவும் மட்டுமே நிற்கக் கூடியவர் என்பது அக்கட்டுரைகளில் அவர் நிறுவிய அடிப்படைச் சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்தை மறுப்பவர் இன்று அநேகமாக ஒருவருமில்லை. ஆனால், நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் ஓர் அறைக்குள் காலை பத்தரை மணிக்கு நுழைகின்ற உபாத்தியாயினி ஒருவருக்கு, இது கைகொடுக்கும் வகையில் அமைவது எப்படி? நாற்பது மனங்களும் நாற்பது வழியில் தாமே வளர வேண்டுமென்றால், அவர் ஒருவர் அந்த நாற்பது பேருக்கும் எவ்வாறு துணை நிற்பார்? வகுப்பை ஒழுங்கில் வைத்திருப்பதே பெரும்பாடாக இருக்கையில், தனித்தனியே கவனிப்பதற்கு நேரம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியைத்தான் இன்று நான் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். இதற்கு விடை தேடுவதற்கு நாம் முதலில் போக வேண்டிய இடம், நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம்.

அதற்கும் முன்னே ஒரு சிறிய காட்சி. 1623ஆம் ஆண்டில், பியெத்ரோ தெல்லா வாலே என்னும் இத்தாலியப் பிரயாணி கன்னட நாட்டில் ஒரு கோவில் முகப்பில் நின்றுகொண்டிருந்தபோது, நான்கு சிறுவர்கள் தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, விரலால் எண்களை எழுதி, எழுதுவதையே ஒரே இராகத்தில் பாடிக்கொண்டு கணக்குப் பயில்வதைக் கண்டான். மணல் முழுவதும் எழுத்து நிறைந்ததும் அதைக் கலைத்துவிட்டுப் புதுமணல் தூவி மேலே தொடர்ந்தார்கள். பக்கத்தில் ஆசிரியர் எவருமில்லை. நீங்கள் தவறிப் போனால் திருத்துபவர் யார் என்று அவன் கேட்டதற்கு, நால்வரும் ஒரே இடத்தில் ஒருசேரத் தவறுவது நடவாத காரியம், ஒருவன் மறந்ததை மற்றவன் எடுத்துக் கொடுப்பான், அதற்காகவே சேர்ந்து படிக்கிறோம் என்று அந்தப் பிள்ளைகள் பதில் சொன்னார்களாம். கல்விச் சாஸ்திரம் பற்றி நான் வாசித்த நூல்களில் இந்தச் சிறுவர்களின் விடையைக் காட்டிலும் தெளிவான ஒன்றை நான் கண்டதில்லை.

தமிழ் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடமும் இதே அடிப்படையில்தான் இயங்கியது. அதை அண்ணாவி என்றும், கணக்காயர் என்றும், வாத்தியார் என்றும் ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரால் அழைக்கப்பட்ட ஒரே மனிதர் நடத்தி வந்தார். ஐந்து வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் அதே திண்ணையில் அமர்ந்தார்கள். ஒருவன் மணலில் அகரம் எழுதுவான். அவனுக்கு அடுத்தவன் ஆத்திசூடி ஒப்பிப்பான். மூன்றாமவன் நெல்லிலக்கம், பொன்னிலக்கம் என்னும் கணக்கு வாய்பாடுகளை மனனம் செய்வான். பெரியவன் நிகண்டு படிப்பான். இத்தனை பேரையும் ஒரே சமயத்தில் நடத்துவதற்கு, மூத்த மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக நியமிக்கப்பட்டான். வங்காளத்துப் பாடசாலைகளிலும் இதே ஏற்பாடு இருந்தது. இங்கே குருமசாய் எனப்பட்ட ஆசிரியருக்கு உதவியாக ‘சர்தார் போடோ’ என்று ஒரு தலைமை மாணாக்கன் இருந்தான்.

மணலைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டும். வங்காளத்துப் பிள்ளை முதலில் தரையிலும், பிறகு பனையோலையிலும், அதன்பின் வாழையிலையிலும், கடைசியில் காகிதத்திலும் எழுதிப் பழகினான் என்று 1830களில் இம்மாகாணத்துப் பள்ளிகளை ஆராய்ந்த வில்லியம் ஆடம் எழுதி வைத்திருக்கிறார். இங்கே ஓலையின் மீது நாணற் பேனாவும் கரிமையும் கொண்டு எழுதினார்கள். ஆகையால் தவறினால் கழுவிவிட்டு மறுபடி எழுதலாம். நம் நாட்டிலோ எழுத்தாணியால் ஓலையைக் கீறி எழுதுவது வழக்கம். கீறிய கோட்டை அழிக்க முடியாது. ஆதலால் தமிழ்ப் பிள்ளைக்குத் தாராளமாகப் பிழை செய்வதற்கு இடமாக இருந்தது மணல் ஒன்றே. அங்கே அவன் எத்தனை தடவை கோணலாக எழுதினாலும் ஓர் உள்ளங்கைத் தடவலில் எல்லாம் மறைந்து போகும். கை திருந்திய பிறகுதான் அவனிடம் ஓலையும் எழுத்தாணியும் கொடுக்கப்படும். அடையாளம் எதுவும் எஞ்சாமல் தவறுகின்ற உரிமையைக் கற்பவனுக்கு வழங்கியிருந்த அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். சிவப்பு மையால் நிறைந்த நோட்டுப் புத்தகத்தோடு வீடு திரும்பும் இக்காலத்துக் குழந்தைக்கு அந்த உரிமை இல்லை.

மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரவர்கள் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் தாம் பயின்ற திண்ணைப் பள்ளிக்கூடத்தை வர்ணித்திருக்கிறார். அதில் என் மனத்தைக் கவர்ந்த விஷயம் ஒன்று: மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார், மறுநாட் காலையில் அவன் அதை மறவாமல் வந்து சொல்ல வேண்டும். எவ்வளவு சிறிய காரியம்! ஆனாலும், அன்று சாயங்காலம் தெருவில் ஓடுகின்ற ஒவ்வொரு பிள்ளையின் உள்ளத்திலும் ‘இது எனக்கென்று வாத்தியார் கொடுத்த சொல்’ என்று ஒன்று இருந்தது. காலையில் அந்தச் சொல்லைக் கேட்பதற்காக உபாத்தியாயர் ஒவ்வொருவன் முகத்தையும் ஒரு தடவையேனும் நேராகப் பார்த்தாக வேண்டியிருந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பிலும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடக் கூடிய இந்த வழக்கத்தை நாம் ஏன் கைவிட்டோம் என்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

இவ்வளவும் சொன்னதனால் அந்தக் காலத்தை நான் பொற்காலமென்று போற்றுவதாக எவரும் நினைக்க வேண்டாம். சென்னைக் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822இல் ஜில்லா தோறும் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். அதன் முடிவுகளை 1826இல் தொகுத்தபோது, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிக்கூடங்களும் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாகத் தெரிந்தது. இந்த மாணாக்கருள் பெண்கள் 4,540 பேரே. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட வகுப்பாரின் பிள்ளைகள் பெரும்பாலான திண்ணைகளில் கால்வைக்கவே இயலவில்லை. இது அந்தக் கல்வியின் மீதுள்ள பெருங் களங்கம். அதைப் பூசி மெழுகுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அதே கணக்கில் வேறொன்றும் இருக்கிறது: சராசரியாக ஒரு பள்ளிக்கூடத்தில் பதினைந்து பிள்ளைகள்! அந்தப் பதினைந்து பேருக்குங்கூட ஓர் ஆசிரியர் போதாரென்று, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள்.

மன்றோவின் உத்தரவின்படி 1823இல் அறிக்கை அனுப்பிய பல்லாரிக் கலெக்டர் காம்பெல், அங்குள்ள பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளை கீழ்வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும், அதனால் அவனுடைய அறிவே உறுதிப்படுவதையும் மனந்திறந்து பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்று எழுதினார். அதே அறிக்கையில் மற்றொரு வழக்கத்தையும் குறித்திருக்கிறார். காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் மரியாதையாகச் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், இரண்டாவது வந்தவனுக்கு, புகழுமில்லை இகழுமில்லை என்று ஒரு சூனியம், மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்னால் வருகிறவர்களுக்கு ஒவ்வோர் அடி கூடுதல். சோம்பிய பிள்ளையைக் கைகளைக் கட்டி உத்திரத்திலிருந்து தொங்கவிடுவதும், இடைவிடாமல் உட்கார்ந்து எழச் செய்வதும் உண்டு என்கிறார். நம் நாட்டில் கோதண்டம் போடுதல், தோப்புக்கரணம் என்று வழங்கியவை இவைதாம். எவ்வளவு அழகான கல்வி ஏற்பாடு, எவ்வளவு கொடிய தண்டனைகளோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருக்கிறது பாருங்கள்! எல்லோரும் சரியான நேரத்தில் வந்தாலும் ஒருவன்தான் முதலில் வர முடியும். ஆகவே பதினைந்தாவது வந்தவன் அடிபடுவது அவன் குற்றத்தினால் அல்ல, ஏற்பாட்டினால்.

இங்கிலாந்து பின்பற்றியது என்று காம்பெல் சொன்னாரல்லவா? அந்த வரலாறு நம் சென்னை எழும்பூரில் ஆரம்பமாகிறது. 1789இல் ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக அங்கே ஏற்படுத்தப்பட்ட ஆசிரமத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் தலைவரானார். அதற்காகச் சம்பளம் வாங்க மறுத்துவிட்டார் என்பது அவருடைய பெருமை. ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் கடைசி வகுப்பினருக்கு அவ்வாறே எழுத்துக் கற்பிக்க வேண்டுமென்று உதவி ஆசிரியர்களுக்குச் சொன்னார். அவர்கள் அது முடியாது என்று பிடிவாதம் செய்தார்கள். உடனே பெல், எட்டு வயது நிரம்பிய ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிப்பாய் மகனைக் கூப்பிட்டு, அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்களால் முடியாதென்று கைவிடப்பட்ட காரியத்தை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். பிறகு வகுப்புத் தோறும் பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்து, கற்பிப்பவன் பக்கத்தில் கற்பவனை உட்கார வைத்தார். குற்றங்களை ஒரு புத்தகத்தில் குறித்து, வாரந்தோறும் பிள்ளைகளே கூடித் தீர்ப்புச் சொல்லச் செய்தார். அதனால் பிரம்புக்கு வேலை குறைந்தது. 1796இல் ஊர் திரும்பி, மறு வருஷம் லண்டனில் தம் பரிசோதனையைச் சிறு நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது உலகெங்கும் பரவியது.

ஆனால் பரவும்போது அது உருமாறிப் போயிற்று. அதே காலத்தில் லண்டனில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியர் ஆயிரம் பேருக்குப் பாடம் நடத்தலாம் என்று சொல்லத் தொடங்கினார். அடிப்பதை வெறுத்தவரான அவர், அதற்குப் பதிலாகக் குற்றம் செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிடுவதையும், அவனைக் கூடையில் ஏற்றி மேற்கூரைக்கு இழுத்துவிட்டு மற்றவர் சிரிக்கச் செய்வதையும் மேற்கொண்டார். எழும்பூரில் இரண்டு பிள்ளைகள் தோளோடு தோள் சேர்ந்து படித்த ஒன்று, அங்கே வரிசை வரிசையாக நிறுத்தி மேற்பார்வை பார்க்கின்ற ஒன்றாக ஆகிவிட்டது. கற்பித்தல் மலிவாக முடிகிறது என்பதற்காகவே அதைப் பலர் விரும்பினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நண்பர்களே, இந்த நீண்ட சரித்திரத்தை நான் எடுத்துச் சொன்னதற்குக் காரணம் ஒன்றுண்டு. சட்டாம்பிள்ளையிடம் நம் முன்னோர் இரண்டு பொறுப்புகளை ஒப்படைத்தார்கள்: ஒன்று, சிறியவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, மற்றொன்று, அவனைத் தண்டிப்பது, அல்லது தண்டனைக்கு ஆளாக்கும்படி வாத்தியாரிடம் சொல்வது. முதலாவது பொறுப்பு அவனை வளர்த்தது. இரண்டாவது பொறுப்பு அவனையும் கெடுத்து, அவனிடம் சிக்கியவர்களையும் கெடுத்தது. பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைக்கும்படி ‘கிளாஸ் லீடர்’ ஒருவனை நிறுத்திவிட்டு ஆசிரியர் வெளியே போகின்ற வழக்கம் இன்றைக்கும் நம் பள்ளிகளில் இருக்கிறதே, அதில் எஞ்சி நிற்பது எது? பாடம் சொல்லும் பொறுப்பு போய்விட்டது. காவற்காரப் பதவி மட்டும் மிஞ்சியிருக்கிறது. நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் காப்பாற்றி வருகிறோம். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி: பிள்ளைகளிடம் கற்பிக்கும் பொறுப்பைத் தாராளமாகக் கொடுங்கள், தண்டிக்கும் அதிகாரத்தை அணுவளவும் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் வகுப்பின் ஒழுங்கு என்னாவது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்னும் உளவியல் பேராசிரியர் பல வகுப்பறைகளைப் படம் பிடித்து நுணுக்கமாக ஆராய்ந்து, 1970இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒழுங்கான வகுப்பை உடைய ஆசிரியர்களுக்கும், கூச்சலும் குழப்பமுமான வகுப்பை உடைய ஆசிரியர்களுக்கும், குறும்பு நடந்த பிறகு அதைக் கண்டிக்கின்ற விதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் அவரால் காண முடியவில்லை. வித்தியாசமெல்லாம் குறும்பு நேர்வதற்கு முன்னாலேயே இருந்தது. நல்ல ஆசிரியர், ஒரு பிள்ளையின் நோட்டைப் பார்க்கும்போதே அறையின் மறு மூலையில் நடப்பதும் தமக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்தி வந்தார். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடங்கலில்லாமல் வகுப்பைக் கொண்டு போனார். கையில் வேலையில்லாமல் எவரும் காத்திருக்க விடவில்லை. கல்யாணப் பந்தியில் நன்றாகப் பரிமாறுகின்றவர், ஓர் இலைக்குச் சாதம் போடும்போதே வரிசையின் கடைசியில் எந்த இலையில் குழம்பு தீர்ந்தது என்பதைப் பார்த்துக்கொள்வாரே, அந்தத் திறமைதான் இது. அது பிறவியிலேயே வருவதன்று, பழகினால் வரும்.

மேரி பட் ரோ என்னும் அம்மையார், கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காக எவ்வளவு நேரம் பொறுத்திருக்கிறார் என்பதை 1970களில் ஒலிப்பதிவுகளைக் கொண்டு அளந்து பார்த்தார். ஏறக்குறைய ஒரே விநாடி! அதற்குள் விடை வராவிட்டால் கேள்வி அடுத்தவனுக்குத் தாவிவிடும், அல்லது ஆசிரியரே பதிலைச் சொல்லிவிடுவார். மூன்று விநாடி பொறுத்திருக்கும்படி ஆசிரியர்களைப் பழக்கியபோது, பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. தெரியாது என்று தலைகுனிவது குறைந்தது. மந்தமென்று ஒதுக்கப்பட்டவர்களும் வாய் திறந்தார்கள். வீட்டில் தமிழும், தெருவில் வங்காளியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்ற நம் குழந்தைகளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். கேள்வி ஒரு பாஷையில் வருகிறது. எண்ணம் மற்றொரு பாஷையில் உதிக்கிறது. விடையை மூன்றாவது பாஷையில் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தைக்கு ஒரு விநாடி எவ்விதம் போதும்? அதன் மௌனத்தை அறியாமை என்று எண்ணுவது பெரிய அநியாயம்.

நான் சொன்ன அந்தத் தலைகீழ் மாற்றத்தைச் செய்து காட்டிய பள்ளிக்கூடம் இந்த நகரத்திலேயே இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்து இந்நாட்டுக்கு வந்த சிஸ்டர் சிரில் மூனி அவர்கள் 1979இல் சியால்தாவிலுள்ள லொரேட்டோ பள்ளியின் தலைமையை ஏற்றார். ரெயில்வே நிலையத்தையும் நடைபாதைகளையும் வீடாகக் கொண்ட குழந்தைகள் பள்ளியின் வாசலுக்கு அருகிலேயே திரிந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல அவர் வேறு ஆசிரியர்களைத் தேடிப் போகவில்லை. தம் மாணவிகளையே கற்பிப்பவர்களாக ஆக்கினார். 1985இல் உருவான ‘ரெயின்போ’ என்னும் அத்திட்டத்தில், ஐந்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கின்ற பெண்கள், கால அட்டவணையில் தங்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் வந்து, தெருக்குழந்தை ஒன்றின் பக்கத்தில் ஒருவராக அமர்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வாழ்க்கை மணி அடித்தபடி நடப்பதில்லை. ஆகையால் எந்த நேரத்தில் வந்தாலும் வரவேற்பு இருந்தது. எவ்வளவு நாள் வராமல் இருந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏனெனில் பாடம் வகுப்புக்கு என்று நடக்கவில்லை, அந்த ஒரு குழந்தைக்கென்று நடந்தது. தேர்ச்சி பெற்றவர்களை வயதுக்கேற்ற வகுப்புகளில் சேர்த்தார்கள்.

இங்கே சட்டாம்பிள்ளை திரும்பி வந்திருக்கிறாள், ஆனால் பிரம்பில்லாமல். பத்து வயதுப் பெண் ஒருத்தி, தன்னைவிட நன்றாக மூட்டை சுமக்கவும் காசு எண்ணவும் தெரிந்த மற்றொரு பத்து வயதுப் பெண்ணுக்கு ‘ஆ’ எழுதக் காட்டும்போது, அதட்டுவதற்கு அவளுக்கு அதிகாரம் இல்லை. அவளிடம் இருப்பதெல்லாம் பொறுமையும் சிநேகமும்தான். எதிரில் இருப்பவளுக்குப் புரியவில்லையென்றால் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நல்ல ஆசிரியர் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டிய முதற் பாடத்தை அவள் அந்த வயதிலேயே கற்றுக்கொள்கிறாள். சிஸ்டர் சிரில் அவர்களுக்கு 2007இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2023இல் அவர் காலமானார். அவர் நடத்தியது அனாதைகளுக்குச் செய்த தருமம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள்; கல்வி முறையில் செய்த ஒரு பெருஞ் சோதனை என்று எழுதியவர்கள் குறைவு. அது எனக்கு வருத்தம்.

தமிழ் நாட்டிலும் இதற்கொப்பான முயற்சி ஒன்று நடந்தது. ரிஷி வேலிப் பள்ளியைச் சார்ந்த கிராமப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்று, பிறகு மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன; கரும்பலகைகள் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கின; ஒவ்வொரு குழந்தையும் ஏணிப்படி என்ற அட்டவணையைப் பார்த்துத் தனக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்து வந்தது. ஆசிரியர் உதவியோடு படிக்கும் குழு, சக மாணவர் உதவியோடு படிக்கும் குழு, தானே படிக்கும் குழு என்று பிள்ளைகள் பிரிந்து உட்கார்ந்தார்கள். ஆசிரியை நாற்காலியை விட்டுப் பாயில் அமர்ந்து, நாலைந்து குழந்தைகளோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் தத்தம் காரியத்தில் இருப்பார்கள். பின்னாளில் அந்த முறை பல மாறுதல்களுக்கு உள்ளாகிவிட்டது. அட்டைகளே பாடமாகி, ஆசிரியரின் சுதந்திரம் குறைந்தது என்ற புகாரிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பாயும் அந்த நாலைந்து பேரும் என்றைக்கும் காப்பாற்றத் தக்கவை.

இந்நகரத்தில் படித்து நோபெல் பரிசு வரை சென்ற அபிஜித் பானர்ஜி அவர்களும் அவருடைய சகாக்களும் மும்பையிலும் வடோதராவிலும் செய்த ஆராய்ச்சி, நம் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறது. ‘பிரதம்’ என்ற ஸ்தாபனம், அந்தந்தச் சுற்றுவட்டாரத்து இளம் பெண்களைப் ‘பால்சகி’ என்ற பெயரில் நியமித்து, பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேராக நாளில் இரண்டு மணி நேரம் தனியே உட்கார வைத்து, அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடுக்கச் செய்தது. பட்டம் பெறாத அந்தப் பெண்களிடம் பிள்ளைகள் கண்கூடாக முன்னேறினார்கள்; மிகவும் பின்தங்கியவர்களே மிகவும் பலன் அடைந்தார்கள். பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கியதுதான் அதில் உள்ள விசேஷம்.

2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இந்நகரத்தில் வித்யாசாகர் தமது மெட்ரபாலிடன் பள்ளியில் அடிக்கலாகாது என்று கட்டளையிட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான் அது சட்டமாயிற்று. பிரம்பைப் பிடுங்கிவிட்டார்கள், இனி வகுப்பை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்கள் சிலர் மனம் நொந்து சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய சிரமத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. அறுபது பேரை ஓர் அறையில் அடைத்து, பயிற்சியும் துணையும் கொடுக்காமல், பிரம்பை மட்டும் எடுத்துக்கொள்வது அரைகுறைச் சீர்திருத்தம். தொடக்க வகுப்புகளில் முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்று அதே சட்டம் வகுத்திருக்கிறது. அதையும் சேர்த்துக் கேட்பது ஆசிரியர்களின் உரிமை மட்டுமன்று, பெற்றோர்களின் கடமையும் ஆகும்.

கடைசியாக, இந்த அவையில் உள்ளவர்களுக்கு உபயோகப்படக் கூடிய காரியம் ஒன்றைச் சொல்கிறேன். இந்நகரத்தின் லேக் மார்க்கெட் சுற்றுப்புறத்திலும் மற்ற இடங்களிலும் வாழ்கின்ற நம் தமிழ்க் குடும்பங்களில், குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்ற ஆவல் பலருக்கு இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தையும் பதினான்கு வயதுப் பிள்ளையும் ஒரே கூடத்தில் வந்து உட்காருவதால் அது நடத்த முடியாத வகுப்பு என்று எண்ணிப் பலர் தயங்குகிறார்கள். எனக்கோ, அது நம் திண்ணையே மறுபடி கிடைத்தது போல் தோன்றுகிறது. ஒரு தாம்பாளத்தில் மணலோ ரவையோ பரப்பி வையுங்கள். பெரிய பிள்ளை ஒருவருக்குச் சிறிய பிள்ளை ஒன்று என்று இருவர் இருவராக அமர்த்துங்கள். மாதம் ஒருமுறை ஜோடியை மாற்றுங்கள். அக்கா தம்பியாக இருப்பவர்களை ஒரே ஜோடியாக்காதீர்கள், வீட்டுச் சண்டை அங்கே வந்துவிடும். தமிழ் நன்றாகப் பேசி எழுதத் தெரியாத பெரிய பிள்ளைக்கும் ஒரு சிறியவனைக் கொடுங்கள். ஐந்து எழுத்து தெரிந்தால் அந்த ஐந்தை அவன் கற்பிக்கட்டும், அடுத்த வாரம் ஆறாவதைத் தேடி அவனே உங்களிடம் வருவான். பெரியவனிடம் சிறியவனைப் பற்றிப் புகார் கேட்காதீர்கள். ‘அவனுக்கு எந்த இடத்தில் தடுக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். அந்த இடத்துக்கு நீங்கள் போய் உட்காருங்கள். வகுப்பு கலையும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பூவின் பெயரையோ, தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள ஓர் ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புங்கள். யாருக்கு எதைக் கொடுத்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு அந்த வரிசைப்படியே கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை வரும் வரையில் மூன்று விநாடி பொறுத்திருங்கள்.